இரும்பு நீளுமா, நீளாதா? கல்முனை – மட்டக்களப்பு ஓட்டத்துக்கு ஒரு பழைய எஸ்எல்கே

பழைய இரும்பு:

பாண்டிருப்பைச் சேர்ந்த வாவிக்கரையான் தம்பி நேற்று இந்தக் களத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். நாள்தோறும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்வர 2006ஆம் ஆண்டின் பென்ஸ் எஸ்எல்கே 200 கொம்பிரசர் என்ற சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கினால் பதினைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், வாங்கலாமா என்பதே கேள்வி. கல்லடிக்காற்று என்பவர் அதற்குக் கொடுத்த பதிலை அப்படியே தருகிறேன்: "அதில் இருப்பது டைமிங் செயின், பெல்ட் அல்ல. இரும்பு நீளாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்." இதற்குப் பதினேழு பேர் விருப்பக்குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் காரில் இருப்பது எம்271 என்ற 1796 சிசி எஞ்சின். கிராங்கின் சுழற்சியைக் கேம்ஷாஃப்டுக்குக் கொண்டுபோய் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் அந்தச் செயின் நீள்வதும், அந்த நேரத்தை முன்பின் நகர்த்தும் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டரின் பற்கள் தேய்வதும் உலகமெங்கும் அந்த எஞ்சினைக் கழற்றிய எவருக்கும் தெரிந்த நோய். நாற்பது வருடம் கிறீஸ் பூசிய கையால் சொல்கிறேன்: இரும்பு நீளும். கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்.

கல்லடிக்காற்று:

ஐயா அவர்களுக்குச் சாப்பாடு இறங்காமற் போனதற்கு வருந்துகிறேன். நான் அதே மாதிரிக் காரை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். மீற்றரில் இப்போது 1,18,000 கிலோமீற்றர். செயின், நிறுவனம் பூட்டி அனுப்பிய அதே செயின். நான் சொன்னது அனுபவம். நீங்கள் சொல்வது எங்கோ வாசித்தது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தின்படி இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். தானாக நீளாது.

சம்மாந்துறைக் கணக்கு:

இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்தால் நல்லது. 163 குதிரைவலு உள்ள இரண்டு இருக்கைக் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்பதா, வெறும் திறந்த கார் என்பதா? அதை நிர்ணயித்தால்தான் எதனோடு ஒப்பிடுவது என்பதும் தெரியும்.

பழைய இரும்பு:

அதைப் பிறகு பார்க்கலாம் காக்கா. முதலில் இந்த எட்டாம் வகுப்பை முடிப்போம்.

செயின் நீள்கிறது என்று நாங்கள் சொல்வது, இரும்புத் தகட்டை யாரோ இழுத்து நீட்டுவதை அல்ல. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் பின் என்ற ஆணியும், அதைச் சுற்றி புஷ் என்ற சிறு குழாயும் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்து தேய்கின்றன. நூறு கண்ணியில் ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிமீற்றர் தேய்ந்தால் மொத்தம் 5 மில்லிமீற்றர் தளர்வு. அந்தத் தளர்வை, ஒயில் அழுத்தத்தில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஓரளவுக்குத் தாங்கும். அதற்கு மேல் கேம்ஷாஃப்ட் பின்தங்கும், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும், அதையும் கவனிக்காவிட்டால் ஒருநாள் செயின் ஒரு பல் தாவும். இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. நேரம் தவறினால் மோதும். மோதினால் வால்வு வளையும்.

நம்பிக்கை வராவிட்டால், வீட்டில் உள்ள பழைய சைக்கிளின் செயினை ஒரு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். புதிதில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அதற்கு அடுத்து வரும் இருபத்துநான்காவது பின்னின் நடுவரைக்கும் சரியாக 12 அங்குலம் இருக்கும். தேய்ந்த செயினில் அது 12 அங்குலத்தைத் தாண்டி நிற்கும். அந்தச் செயினை யார் நீட்டினார்கள்? பேயா?

கல்லடிக்காற்று:

ஆக, இரும்பு நீளவில்லை, தேய்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்: இரும்பு நீளாது. நன்றி.

முகத்துவாரம்:

பழைய இரும்பு அவர்கள் அறிவுரை சொல்வதைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது. மூன்று வருடத்துக்கு முன் இதே மனிதர் "மஸ்டா ஆர்எக்ஸ்-8 நல்ல கார், பயப்படாதீர்கள்" என்று எழுதியதை நம்பித்தான் நான் ஒன்றை வாங்கினேன். எட்டு மாதத்தில் சூடான எஞ்சின் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. ஆரையம்பதிச் சந்தியில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், முச்சக்கரவண்டிக்காரர்கள் நால்வர் தள்ளினார்கள். ஒருவர் மெல்லக் கேட்டார்: "சேர், இது பறக்கிற காரா, தள்ளுகிற காரா?" அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

பழைய இரும்பு:

நான் எழுதியதில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறீர்கள். ஆர்எக்ஸ்-8 இல் இருப்பது 1308 சிசி றோட்டரி எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ றோட்டர் இரண்டு. அதன் நுனிகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் குறையும், சூட்டில் ஸ்டார்ட் எடுக்காது. ஆகையால் வாங்குவதற்கு முன் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, றோட்டரிக்கென்றே உள்ள மீற்றரால் அந்த அழுத்தத்தை (கொம்பிரஷன்) அளந்து பாருங்கள் என்று எழுதியிருந்தேன். பார்த்தீர்களா? அந்த எஞ்சின் உள்ளே ஒயிலை எரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, கிழமைக்கு ஒருமுறை ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள் என்றும் எழுதியிருந்தேன். இழுத்தீர்களா?

முகத்துவாரம்:

அந்த மீற்றர் இந்த மாகாணத்தில் யாரிடம் இருக்கிறது என்றும் சேர்த்து எழுதியிருக்கலாமே. ஒயில் குச்சியைப் பற்றி நான் இங்கே பேச விரும்பவில்லை.

சம்மாந்துறைக் கணக்கு:

தம்பி வாவிக்கரையானுக்கு ஒரு கணக்கு. கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போக வர 80. வருடத்தில் 250 வேலை நாள் என்று வைத்தால் 20,000 கிலோமீற்றர், பதினைந்து வருடத்தில் மூன்று இலட்சம். ஆகவே கல்லடிக்காற்று பெருமையாகச் சொல்லும் 1,18,000 என்பது உங்களுக்கு ஆறு வருட ஓட்டம்கூட அல்ல. அதற்குப் பிறகுள்ள ஒன்பது வருடத்தைப் பற்றி அவருடைய அனுபவம் எதையும் சொல்லவில்லை.

எரிபொருளையும் பாருங்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் வாரத்துக்கு 40 லீற்றர், அதுவும் ஒக்டேன் 95. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் தொடக்கத்தில் கொடுத்தார்கள். அந்த நாளில் இந்தக் கார் உங்களிடம் இருந்திருந்தால் புதன்கிழமை மாலையோடு பஸ்ஸில்தான் வீடு வந்திருப்பீர்கள்.

கல்லடிக்காற்று:

காக்கா, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 1,18,000 இல் நீளாத இரும்பு 1,19,000 இல் திடீரென்று நீளும் என்று எந்தக் கணக்குச் சொல்கிறது?

பழைய இரும்பு:

உங்களுடைய 1,18,000 மீற்றரில் உள்ள எண். அது கார் உண்மையில் ஓடிய தூரம்தானா என்பது வேறு விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். திறந்த பிறகும் இருபது வருடப் பழைய காரை யாரும் கப்பலில் இறக்க முடியாது. ஆகையால் இந்த நாட்டில் உள்ள எஸ்எல்கே எல்லாம் கைமாறிக் கைமாறி ஓடியவை. விலை ஏற ஏற மீற்றர் இறங்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஸ்டீயரிங்கின் தோல் வழவழப்பாகத் தேய்ந்து, சாரதி இருக்கையின் வலது ஓரம் வெடித்திருக்கும். மீற்றர் மட்டும் 60,000 என்று வெட்கமில்லாமல் சிரிக்கும்.

கல்லடிக்காற்று:

என் காரின் மீற்றரைத் திருப்பியது யார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். நானா? எனக்கு விற்ற வைத்தியரா? ஒரு மனிதரின் நேர்மையைச் சந்தேகித்துவிட்டு அதைத் தொழில்நுட்பம் என்று சொல்கிறீர்கள். நீங்கள் அந்தக் காரின் கதவைக்கூடத் திறந்ததில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை, புதிய கல்லடிப் பாலத்துக்கு இப்பால் நிறுத்திக் கூரையைத் திறந்தேன். 22 விநாடி. இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போகிறது. பாலத்தில் நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். உங்கள் அடிமட்டத்தால் அதை அளக்க முடியாது.

பழைய இரும்பு:

கூரை திறந்ததற்குக் கைதட்டினார்கள், செயினுக்கு அல்ல. அந்தக் கூரையை மடிப்பதும் ஹைட்ரோலிக் சிலிண்டர்கள். அவற்றின் சீல்களும் வயதாகிக் கசிபவை. மார்கழி மழையில் கூரையின் தண்ணீர் வடியும் குழாய்களில் வேப்பஞ்சருகு அடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? அந்த மாதிரியில் இருக்கையின் தலைதாங்கிக்குக் கீழிருந்து கழுத்துக்குச் சூடான காற்று ஊதும் கருவி ஒன்றும் உண்டு. ஜேர்மன்காரன் பனியில் கூரையைத் திறந்து ஓடுவதற்காகச் செய்தது. சித்திரை வெயிலில் காத்தான்குடி வீதியில், பேரீச்ச மரங்களைப் பார்த்தபடி நெரிசலில் நிற்கும்போது, கழுத்துக்குச் சூடு காட்ட அது மிகவும் உதவும்.

முகத்துவாரம்:

என் காரில் அந்த வசதி தனியாகத் தேவைப்படவில்லை. எஞ்சினே போதும்.

வாவிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இரண்டு விடயம் தெரிய வேண்டும். இந்தச் செயினை மாற்ற எஞ்சினை முழுவதாக இறக்க வேண்டுமா? அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள், இரவில் மாடுகள் படுத்திருக்கும். இவ்வளவு தாழ்ந்த கார் அதற்குத் தோதாகுமா?

பழைய இரும்பு:

நல்ல கேள்வி தம்பி. எஞ்சினை இறக்கத் தேவையில்லை. மேல் மூடியைக் கழற்றி, பழைய செயினை ஒரு கண்ணியில் அறுத்து, புதிய செயினை அதன் நுனியில் கோத்து, ஒருவர் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்ற, மற்றவர் செயினைத் தளரவிடாமல் பிடிக்க, பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போகும். முடிவில் இரு நுனிகளையும் ரிவெட் அடிக்க வேண்டும். கோவில் கிணற்றில் பழைய கயிற்றின் நுனியில் புதுக் கயிற்றைக் கட்டிக் கப்பியில் ஏற்றுவது போன்ற வேலை. ஆனால் அட்ஜஸ்டரின் பற்கள் தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போடுவது காசைக் கரைக்கும் வேலை. பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகிறவர்கள், பழைய எஞ்சினில் கழற்றிய அட்ஜஸ்டரைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது.

அட்ஜஸ்டரை இயக்கும் கேம்ஷாஃப்ட் காந்தங்களில் ஒயில் கசிந்து வயருக்குள் ஏறுகிறதா என்றும் பாருங்கள். சொக்கெட்டைக் கழற்றி உள்ளே விரலை வைத்தால் தெரியும். அந்த ஒயில் வயரின் வழியே மெல்ல மெல்ல நகர்ந்து சென்சர் வரைக்கும் போகும்.

கல்லடிக்காற்று அவர்கள் "பெல்ட் அல்ல" என்றும் எழுதியிருந்தார். கொம்பிரசர் என்று பின்னால் வெள்ளி எழுத்தில் ஒட்டியிருப்பது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சூப்பர்சார்ஜரை. அதைச் சுற்றுவது பெல்ட். ஒன்பது வருடமாகத் தன் காரில் பெல்ட் இருப்பது தெரியாமலே ஓட்டியிருக்கிறார்.

கல்லடிக்காற்று:

நான் சொன்னது டைமிங் பெல்ட்டை என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சொல்லைப் பிடித்துத் தொங்குவது உங்களுடைய வழக்கம்.

பழைய இரும்பு:

"நீளவில்லை, தேய்கிறது" என்று சொல்லைப் பிடித்துத் தொங்கியது யார்?

சம்மாந்துறைக் கணக்கு:

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நெல்லின் மேல் ஏற்ற வேண்டாம். உமி ரேடியேற்றரில் அடைக்கும், நெல்லுக்காரரும் விடமாட்டார். மழைக்காலத்தில் காரைதீவிலிருந்து அம்பாறைப் பக்கம் திரும்பும் எண்ணமிருந்தால், மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேல் வெள்ளம் ஓடும் நாட்களில் இந்தக் காரை வீட்டிலேயே விடுங்கள். சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்ற என் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

வாவிக்கரையான்:

இன்று காலை காரைப் போய்ப் பார்த்தேன். பழைய இரும்பு ஐயா சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், உரிமையாளரிடம் முதல் நாளே சொல்லி, இரவு முழுக்க ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்கச் செய்தேன். சாவியைத் திருப்பியதும் முன்பக்கத்தில் தகரப் பேணிக்குள் சில்லறைக் காசு குலுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. மூன்று விநாடி இருக்கும். பிறகு நின்றுவிட்டது. எஞ்சின் விளக்கு எரியவில்லை. மீற்றரில் 97,000. இருக்கையின் வலது ஓரத்தையும் பார்த்தேன். புதுத் தோல் தைத்திருக்கிறார்கள்.

பழைய இரும்பு:

புதுத் தோல்! வேறென்ன சொல்ல. இரவில் டென்ஷனரிலிருந்து ஒயில் வடிந்துவிடும். ஸ்டார்ட் பண்ணியதும் அழுத்தம் வரும்வரைக்கும் தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும். அந்த மூன்று விநாடிச் சத்தம்தான் நான் மூன்று நாளாக இங்கே எழுதிக்கொண்டிருப்பது. விலையில் செயின், அட்ஜஸ்டர் இரண்டு, டென்ஷனர், கூலி எல்லாவற்றையும் கழித்துக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

கல்லடிக்காற்று:

அது சைலன்சருக்கு மேலுள்ள, சூட்டைத் தடுக்கும் வெப்பத் தகடு. என் காரிலும் ஒன்பது வருடமாக அதே சத்தம் வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை.

பழைய இரும்பு:

உங்கள் காரிலும் வருகிறதா!

கல்லடிக்காற்று:

வெப்பத் தகடு என்று சொன்னேன். தம்பி, மூன்று விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னீர்களா, உத்தேசமாகச் சொன்னீர்களா?