‘கிராஸ் கன்டாமினேஷன்’ என்பதற்குக் ‘கிருமித்தாவல்’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

உணவுச் சுகாதாரத் துண்டறிக்கை ஒன்றுக்காக, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமி போய் ஒட்டுவதைக் குறிக்கும் ‘கிராஸ் கன்டாமினேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் கேட்டது:

> ‘குறுக்கு மாசுபாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே எழுதினால் என்ன?

படிக்கப்போவது மாணவர்கள் என்றால் எழுதலாம். இந்தத் துண்டறிக்கை போவது மியான்மரின் யாங்கோன் நகரத் தெருவோரத்தில் சமூசா சாலட், தோசை, மொஹிங்கா (மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கும் நம்மவர்களின் கைக்கு. தமிழ் நன்றாகப் பேசுவார்கள். வாசிப்பது பலருக்கு எழுத்துக்கூட்டித்தான். ‘மாசு’ என்றால் அவர்களுக்குப் புகையும் தூசியும். ‘குறுக்கு’ எதையுமே சொல்லவில்லை.

சமூசா சாலட் போடுவதையே பாருங்கள். சமூசாவைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறார். அதே கையால் பச்சைக் கோஸ், வெங்காயம், புதினா அள்ளிப் போடுகிறார், மேலே பருப்புச்சாறு. ஈரத்துணியில் கத்தரியை ஒரு துடை, பணத்தை வாங்கி மடியில் செருகிவிட்டு அடுத்த தட்டு. சமூசா கொதிக்கிற எண்ணெயில் வெந்தது, அதில் கிருமி பிழைப்பது அரிது. வந்து சேர்வதெல்லாம் அதற்கப்புறம்தான்: கையிலிருந்து, சரியாக அலசாத கோஸிலிருந்து, நாள் முழுக்க நனைந்தே கிடக்கும் அந்தத் துணியிலிருந்து. விரலில் சீழ்பிடித்த ஒரு வெட்டுக்காயம் போதும், ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உணவுக்குப் போய்விடும். அது பெருகிக் கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ‘சூடு பண்ணினால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குத்தான் பெயர் வேண்டும். தீ கூரைக்குக் கூரை தாவியது என்கிறோம், கிருமியும் தாவட்டும். ‘கிருமி தாவாமல் பார்த்துக்கொள்’ என்று வினையாகவும் வாயில் வரும். ‘குறுக்கு மாசுபாட்டை’ அப்படிச் சொல்ல முடியாது.

தங்கை ஒருவர் ‘பத்து’ என்ற பழைய சமையலறைச் சொல்லை எடுத்துத் தந்திருந்தார். சோறு தொட்ட கையால் வேறொன்றைத் தொடாதே என்னும் பழக்கம் பொருத்தமானதுதான். ஆனால் அது எல்லா வீட்டுச் சொல்லும் இல்லை. ‘தீட்டு’ வேண்டவே வேண்டாம். ஆளை ஒதுக்கப் பயன்பட்ட சொல்லைக் கொண்டுபோய், உழைத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணின் கடைமேல் ஒட்டக்கூடாது.

கணினிக்காரர்கள் ‘தாவல்’ என்பதை உலாவியின் டேப்புக்கு வைத்திருக்கிறார்கள், உண்மைதான். முன்னால் கிருமி நிற்கும்போது குழப்பம் வராது. வேர்க்கடலை ஒவ்வாதவரின் தட்டில் கடலைத்தூள் பட்டுவிடுவதைத் துறைக்காரர்கள் ‘கிராஸ் கான்டாக்ட்’ என்று பிரித்தே சொல்கிறார்கள். ஆக, கிருமிக்கு மட்டும் ஒரு சொல் என்பது குறையில்லை.

சோற்றில், நூடுல்ஸில் வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வேறு கதை. அதன் வித்து வேகவைத்தாலும் சாகாமல் உள்ளேயே இருக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் முளைத்துப் பெருகும். அதற்குக் ‘கிருமிப்பெருக்கம்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், கையைக் கழுவுவது எதற்கு, சட்டியைச் சூடாகவே வைப்பது எதற்கு என்று தனித்தனியாக விளங்கும்.

இது தெருக்கடைக்கு மட்டுமான சொல்லும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மூலம் ஆலையில் செய்த பொலோனி என்ற தொத்திறைச்சி, வாங்கி அப்படியே சாப்பிடுவது. வெந்த பிறகு கிருமி ஏறினால் ஆலையும் தப்பாது என்று விற்பவர்களிடம் சொல்ல வேண்டும். குற்றவாளியைப் போலத் தங்களை மட்டும் நிறுத்துகிறார்கள் என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

‘ரெடி டு ஈட்’ என்பதற்கு ‘உடனடி உணவு’ வேண்டாம், அது பாக்கெட் நூடுல்ஸுக்குப் போய்விட்டது. ‘அப்படியே உண்ணும் உணவு’ என்றால் நறுக்கிய பழமும் அடங்கும்.

இலக்கணப்படி ‘கிருமித்தாவல்’. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகத் துண்டறிக்கையில் மட்டும் ‘கிருமி தாவல்’ என்று ‘த்’ என்னும் ஒற்றெழுத்தை விட்டுப் பிரித்துப் போடலாமா? அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள் ஐயா.