பில்ட் டூலை லினக்ஸ், மேக் இரண்டுக்கும் பேக்கேஜ் செய்வது எப்படி?

கேள்வி: ரஸ்ட் மொழியில் ஒரு சின்ன பில்ட் டூல் (கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டித்தரும் கருவி) எழுதியிருக்கிறேன். என் உபுண்டு 22.04-இல் பில்ட் செய்து நண்பருக்கு அனுப்பினால், அவருடைய டெபியன் 11-இல் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' (ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) என்று நின்றுவிடுகிறது. மேக்கிலோ பிரவுசரில் இறக்கியதைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறது. உபுண்டு, டெபியன் என்று ஒவ்வொரு லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கும் தனித்தனியாகவா செய்யணும்?

பதில் 1: வேண்டாம் நண்பா. உங்களிடம் இருப்பது ஜிலிப்சி 2.35, டெபியன் 11-இல் 2.31. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும்; ஆனால் புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் டெபியன் 11 டாக்கர் கண்டெய்னருக்குள்ளேயே (உங்கள் கணினியிலேயே தனியாக ஓடும் டெபியன் 11 சூழல்) பில்ட் செய்யுங்கள், இல்லையென்றால் மஸ்ல் (ஜிலிப்சிக்கு மாற்றான சி லைப்ரரி) டார்கெட்டில் ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்து, கட்டிவிடுங்கள், ஒரே ஃபைல், அதே வகை பிராசஸர் உள்ள எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவிலும் ஓடும்.

பதில் 2: மஸ்ல் சரிதான், ஆனால் அதன் மெமரி அலோகேட்டர் (புரோகிராமுக்கு மெமரி ஒதுக்கித்தரும் பகுதி) பல த்ரெட் ஓடும்போது மந்தம். பில்ட் டூலில் நன்றாகவே தெரியும். எனக்கு மைமாலாக் என்ற வேறு அலோகேட்டரைச் சேர்த்த பிறகுதான் நிம்மதி.

பதில் 3: மேக்கில் பிரவுசர், இறக்கும் ஃபைலுக்கு 'இணையத்திலிருந்து வந்தது' என்று குவாரன்டைன் முத்திரை குத்திவிடும், டெர்மினலில் கர்ல் கமாண்டால் இறக்கினால் அது வராது. பிரவுசரில் இறக்கினாலும் மேக் தடுக்காதபடி முறையாகச் செய்ய ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வேண்டும், வருடத்துக்கு 99 டாலர். இலவச டூலுக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

கேட்டவர்: டெபியன் கண்டெய்னரில் ஓடிவிட்டது! மேக்குக்கு இப்போதைக்கு கர்ல்தான்.