எண்ணெயிலிருந்து எடுத்த அந்தச் சில நொடிகள்: தோய்ச்சல் அனுபவங்கள்

உலைக்கரி:
லாரியின் வில் பட்டை எஃகில் அடித்த வெட்டுக்கத்தி, அலகு மட்டும் ஒன்றேகால் அடி. என் உலை சிறியது. முனை சிவந்தால் அடிப்பக்கம் கறுத்தது. முன்னும் பின்னும் இழுத்து, காந்தம் ஒட்டாத சூட்டையும் சற்றுத் தாண்டியதும் தோய்ச்சலுக்கு, அதாவது சட்டென ஆறி இறுகட்டும் என்று, எண்ணெயில் இறக்கினேன். எடுத்தபோது அலகு இடப்பக்கம் வளைந்திருந்தது. தோல் கையுறையோடு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். ஈயம்போல இணங்கியது, அடுத்த மூச்சில் மறுத்துவிட்டது. அரம் கடிக்காமல் வழுக்கியது, அவ்வளவு இறுகியிருந்தது. அந்த மாற்றத்தை இன்னும் என் உள்ளங்கை மறக்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

பனைநார்:
நான் கண்டது சிவகங்கைப் பக்கம் ஒரு பட்டறையில். பெரியவர் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்தார். கல்லில் ஒரு தேய்ப்பு. வெளுத்த வாயை நோக்கி முதுகின் சூடு இறங்க, வைக்கோல் நிறம் ஊர்ந்து வந்தது. அது நீலமாகும் முன் முழுவதையும் முக்கினார். அந்த நிறம் ஓடுவதைப் பார்த்தவருக்கு எண்ணெயும் காந்தமும் எதற்கு?

சாணைக்கல்:
பனைநார் அண்ணா, புதியவர்களுக்குத் தண்ணீரைச் சொல்லாதீர்கள். என் நண்பர் பட்டைக் கத்தியைத் தண்ணீரில் விட்டபோது அருகில் நின்றேன். 'டிக்' என்று ஒரு சத்தம்; வாயிலிருந்து முதுகுவரை விரிசல். பட்டை எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன், கூடவே குரோமியம். அது இறுக எண்ணெயின் வேகமே போதும். காந்தம் விடுவது 770 டிகிரியில். இதற்கு 820, 840 வேண்டும். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். அலகு முழுவதும் முங்கும் ஆழம் இருக்கட்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். மூடி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். பக்கவாட்டில் அசைக்காதீர்கள், வளையும். தோய்ச்சலுக்கு முன்பே இரண்டு மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால், அடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் தளரும். தோய்த்த அன்றே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தள்ளிப்போட்டால் தானாகவே வெடிக்கலாம்.

உலைக்கரி:
எல்லாம் செய்தேன், சாணைக்கல். வளைவுக்கு நான் மருந்து கேட்கவில்லை. இணங்கிய இரும்பு நொடியில் மாறியதே, அதைக் கேட்கிறேன்.

அடைகல்:
எனக்கும் நேர்ந்திருக்கிறது. சிவப்பு மறைந்தவுடன் எஃகு இறுகிவிடுவதில்லை. ஏறத்தாழ 250 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் உள்ளமைப்பு மாறத் தொடங்கும். நீங்கள் பிடித்திருந்தது அந்த மாற்றத்தைத்தான். என் கத்தியில் மெல்லிய முனை முதலில் ஆறி மறுத்தது, தடித்த அடிப்பக்கம் அப்போதும் இணங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எந்தப் பக்கம் முதலில் மறுத்தது?