அசோக் சென்னின் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கேள்வி:
முதுகலை இயற்பியல் படிக்கிறேன். அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் கருதும் இழைக் கோட்பாட்டைப் பற்றிய உரைகளில், இந்திய இயற்பியலாளர் அசோக் சென்னின் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரை திருப்புமுனையாகக் குறிப்பிடப்படுகிறது. அதில் அவர் உண்மையில் எதைக் காட்டினார் என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1:
பிணைப்பு வலு, அதாவது துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரியும் வலிமை, அதிகமானால் கணக்கிடவே வழியில்லை என்பதுதான் அன்றைய பெரிய முட்டுக்கட்டை. அந்த வலுவைத் தலைகீழாக்கி, மின்னூட்டத்தையும் காந்த ஊட்டத்தையும் இடம் மாற்றினாலும் கோட்பாடு மாறாது என்ற ஊகம் 1977-இலேயே எழுந்திருந்தாலும், பலர் அதை நம்பவில்லை. அந்த ஊகம் சரியென்றால், இரண்டு காந்த ஒருமுனைகள் (வடமுனை அல்லது தென்முனை மட்டும் கொண்ட துகள்கள்) ஓரலகு மின்னூட்டத்தோடு பிணைந்த நிலை ஒன்று இருந்தே தீர வேண்டும். சென் அந்த நிலையை விவரிக்கும் கணிதச் சார்பான அலைச்சார்பையே எழுதிக் காட்டினார். எனக்கு இன்றும் வியப்பூட்டும் கணக்கு அது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்தக் கணக்கு ஊகத்துக்கு முழு நிறுவல் அன்று, வலுவான சான்று என்பதை மனத்தில் கொள்ளுங்கள் நண்பரே. கொல்கத்தா, கான்பூர், ஸ்டோனி புரூக் ஆகிய இடங்களில் பயின்று, அமெரிக்க ஆய்வகங்களில் பணியாற்றியபின், 1988-இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பிய சென், 1995-இல் அலகாபாத்துக்குச் சென்றார். 2012-இல் 30 லட்சம் டாலர் அடிப்படை இயற்பியல் பரிசு பெற்றார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காந்த ஒருமுனைகளிலிருந்தே படிக்கத் தொடங்குகிறேன்.