புதுப்பிப்பு: ஷெர்வுட் காடு – ரயில், மேஜர் ஓக், கிளம்பர் பூங்கா

இங்கிலாந்தின் ஷெர்வுட் காடு பற்றிய முந்தைய பதிவுக்குப் பிறகு அதிகம் கேட்கப்பட்டவை இரண்டு: ரயிலில் போகலாமா, அங்குள்ள மேஜர் ஓக் என்ற மிகப் பழைய ஓக் மரத்தைத் தொடலாமா?

காட்டை ஒட்டிய எட்வின்ஸ்டோ கிராமத்துக்குப் பயணிகள் ரயில் இல்லை. நாட்டிங்ஹாம் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. கடைசி வண்டியின் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மரத்தைத் தொட முடியாது. 1970களிலிருந்தே வேலி உண்டு. கூட்டம் மிதித்து மிதித்து மண் இறுகினால் மழைநீர் வேருக்கு இறங்காது, அதுதான் காரணம். கிளைகளைத் தாங்கும் முட்டுகள் படத்தில் விழத்தான் செய்யும். பார்வையாளர் மையத்திலிருந்து சுமார் 20 நிமிட நடை. பெரும்பாலோர் இதோடு திரும்பிவிடுகிறார்கள், அது வீண். காட்டின் பர்க்லேண்ட்ஸ் பகுதியில் உள்ளே நடந்தால் உள்ளீடற்ற முதிய ஓக்குகள் ஏராளம். விழுந்த கட்டையை நகர்த்தாதீர்கள், அரிய வண்டுகள் அதில்தான் வாழ்கின்றன.

கார் இருந்தால் கிளம்பர் பூங்காவையும் சேர்க்கலாம். அங்கிருந்த மாளிகை 1938இல் இடிக்கப்பட்டது. தேவாலயமும், சுமார் 3 கி.மீ. நீள லிண்டன் மரச்சாலையும் நிற்கின்றன. ரஃபர்ட் மடத்தின் இடிபாடுகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.