'தி ஒயிட் க்ரோ' படம்: உங்களை எங்கே தைத்தது?

மேடைப்பித்து:
பாலே மேதை ருடால்ஃப் நூரியெவ் பற்றிய 'தி ஒயிட் க்ரோ' (2018) நேற்றுதான் பார்த்தேன். கதைச் சுருக்கம், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வேண்டாம். எந்தக் காட்சி உங்களை விடவில்லை, அதைச் சொல்லுங்கள். எனக்கு நூரியெவின் பாலே ஆசிரியர் புஷ்கின். இயக்குநர் ரேஃப் ஃபைன்ஸே ரஷ்ய மொழி பேசி நடித்திருக்கிறார். மாணவன் நூரியெவ் சோவியத் நாட்டை விட்டு ஓடிப்போய்விட்டான், அதிகாரி குடைகிறார், மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. 1970இல் லெனின்கிராடில் கண்ணை மூடும்வரை அந்த மாணவனை அவர் மறுபடி பார்க்கவில்லை.

லா கூர்னவ் தம்பி:
நான் இருக்கிற லா கூர்னவ்வுக்குப் பக்கத்து ஊர்தான் லெ புர்ஜே. எங்கட சனம் கனக்க இருக்கிற பகுதி. அந்தப் பழைய விமான நிலையக் கட்டடம் இப்ப விமான அருங்காட்சியகம். பிள்ளையளோட கொன்கோர்ட் பாக்க அங்க போயிருக்கிறன். 1961 ஜூன் 16 அங்க என்ன நடந்தது எண்டு படம்தான் சொல்லிச்சு.

நூரியெவ் ஆடின லெனின்கிராட் பாலே குழு கிரோவ், பாரிஸில ஆடி முடிச்சு லண்டனுக்கு விமானம் ஏற நிக்குது. நூரியெவை மட்டும் மொஸ்கோவுக்குத் திரும்பச் சொல்லுறாங்கள். கிரெம்ளினில ஆட வேணுமாம், தாய்க்கும் சுகமில்லையாம். போனா இனி வெளிய விடமாட்டாங்கள் எண்டு அவருக்கு விளங்கீட்டுது. கிளாரா எண்ட சிநேகிதி ஓடிவந்து பிரெஞ்சுப் பொலிஸிட்ட உதவி கேக்கிறா. 'நாங்கள் போய் இழுக்கேலாது, அவர் தானா வந்து அடைக்கலம் கேக்க வேணும்' எண்டுறாங்கள். பிறகு பேப்பருகள் 'சுதந்திரத்துக்குப் பாய்ச்சல்' எண்டு எழுதினது. பாய்ச்சலுமில்லை ஒண்டுமில்லை, கொஞ்ச அடி நடந்தவர்.

அதுக்குப் பிறகு அவரை ஒரு அறையில தனிய விடுறாங்கள். ரெண்டு கதவு. ஒண்டு சோவியத் ஆக்களிட்ட, மற்றது பிரான்ஸுக்குள்ள. அந்த இடத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டு பல்கனிக்குப் போட்டன். எங்களுக்கு ஆரும் அப்பிடிக் கதவு காட்டேல்ல. அகதிக் கேஸ் எழுதி, மொழிபெயர்த்து, கடிதம் வருமட்டும் தபால்பெட்டியைத் திறந்து மூடினதுதான். ஆனா தாயை விட்டிட்டு வாறது எல்லாருக்கும் ஒண்டுதான். 1987இலதான் நூரியெவைத் தாய் இருந்த ஊஃபாவுக்குப் போக விட்டவங்கள், தாய் சாகக் கிடக்கேக்க. என்ர அம்மாவின்ர செத்தவீட்டை நான் வீடியோவில பாத்தனான். படம் 1961ஓட நிண்டுபோகுது. அதில எனக்கு இயக்குநரோட கோவம்தான்.

சலங்கை:
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் கோபம் நியாயம்தான்.

நான் பரதம் ஆடுகிறவள், அதனால் என் கண் காலிலேயே இருந்தது. நூரியெவாக வரும் ஓலெக் இவென்கோ கசானில் பாலே ஆடிக்கொண்டிருந்தவர், அதற்கு முன் நடித்ததில்லை. டூப் போட்ட படங்களில் முகம் தனி, கால் தனி என்று வெட்டி ஒட்டுவார்கள். இதில் அந்தத் தொல்லை இல்லை. முகபாவம் சில இடங்களில் மரக்கட்டை, சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

1961இன் அந்தப் பயணத்தில் பாரிஸே வாய்பிளந்தது 'லா பயதேர்' பாலேயில் அவர் ஆடியதைப் பார்த்துத்தான். இந்தியக் கோயிலில் ஆடும் ஒரு பெண்ணின் கதை, நடன அமைப்பாளர் பெத்திபா 1877இல் அமைத்தது. அதற்கும் முன்னால், 1838இல், நம் திருவேந்திபுரத்து தேவதாசிகள் பாரிஸில் ஆடியிருக்கிறார்கள். அம்மணி என்ற பெண்ணைப் பற்றி கவிஞர் தியோஃபில் கோத்தியே உருகி உருகி எழுதினார். ஆனால் பாலேயில் வருகிற 'கோயில் நடனத்தில்' நம் அடவு ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது! உடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1992 அக்டோபரில், எய்ட்ஸ் முற்றிய நிலையில், நூரியெவ் பாரிஸ் ஓபராவில் கடைசியாக மேடையேற்றியதும் இதே பாலேதான். 1993 ஜனவரி 6இல் இறந்துவிட்டார். அவருடைய அந்த நடன அமைப்பில் இசபெல் கெரினும் லோரான் இலேரும் ஆடிய பதிவு கிடைக்கிறது. முழுதாக உட்கார நேரமில்லாதவர்கள் மூன்றாம் அங்கத்துக்கு நேராகப் போங்கள். சரிவு மேடையில் வெள்ளை உடைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இறங்குவார்கள். ஒருத்தி தடுமாறினால் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும்.