ரவிவர்மா லித்தோ 18,000 ரூபாய்னு சொல்றாங்க, வாங்கலாமா?

தாம்பரம்_வாசகி:
புது வீட்டுக் கூடத்துல ஒரு படம் மாட்டணும். போன வாரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை ஒன்னுல சரஸ்வதி படம் பார்த்தேன். "ஒரிஜினல் ரவிவர்மா லித்தோ"ன்னு 18,000 கேட்டாங்க. அதே படம் ஆன்லைன்ல கான்வாஸ் 'ஜிக்லே' பிரிண்டா 6,500-க்குக் கிடைக்குது. ஒரு கண்காட்சியில பார்த்த எச்சிங்கும் பிடிச்சிருக்கு. அது 9,000, அடியில பென்சில்ல 14/30னு எழுதியிருக்கு. மூனுமே பிரிண்ட்தானே? எங்க ஆச்சி வீட்டுல ஜரிகை ஒட்டின ரவிவர்மா லட்சுமி இருந்துச்சு. அதனால மனசு அந்தப் பக்கமே போகுது.

சட்டமும்_கண்ணாடியும்:
மதுரையில 22 வருஷமா பிரேம் போடுறேன்மா. பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி நகை பாக்குற 10 மடங்கு லென்ஸ் ஒன்னு வாங்கிக்குங்க. சரஸ்வதி கன்னத்து நிழல் மேல அதை வச்சுப் பாருங்க. புள்ளியெல்லாம் வரிசை கட்டி, குட்டிக் குட்டிப் பூ மாதிரி வட்டமா நின்னா அது லித்தோ, அதாவது கல் அச்சு இல்ல, சட்டம் எவ்வளவு பழசா இருந்தாலும் சரி. லித்தோவுல கல்லு மேல கையால வச்ச புள்ளி, ஒழுங்கில்லாமத்தான் இருக்கும். நிறத்துக்கு ஒரு கல்லுங்கிறதால ஓரங்கள்ல ஒரு நிறம் மயிரிழை அளவு விலகி நிக்கும். எனக்கு அந்த விலகல்தான் அழகு.

ரவிவர்மாவோட அச்சகம் 1894-ல பம்பாயில ஆரம்பிச்சது, அப்புறம் லோணாவளா பக்கம் போச்சு. ரவிவர்மா 1906-லயே காலமாயிட்டார், அச்சகம் அதுக்கப்புறமும் ரொம்ப காலம் ஓடுச்சு. அதனால 'ஒரிஜினல்'னா எந்தக் காலத்து அச்சுன்னு கேக்கணும். அடி ஓரத்துல அச்சகப் பேர், 'கார்லா லோணாவளா'ன்னு இங்கிலீஷ்ல இருக்கான்னு பாருங்க. நிறைய படத்துல சட்டத்துக்கு அடங்கலைன்னு ஓரத்தையே வெட்டியிருப்பாங்க. வெட்டினது விலை குறையணும்.

முக்கியமா, சட்டத்தைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. ஹார்ட்போர்டுல பசை போட்டு ஒட்டியிருந்தா வேண்டாம். தொழில் பழகுன புதுசுல நானே மைதாப் பசையில அப்படி ஒட்டியிருக்கேன். அதுல ஒரு முருகன் படம் பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ பூச்சி அரிச்சு, முகமெல்லாம் பழுப்பு. இன்னிக்கும் அது மனசை உறுத்துது.

தாமிரத்தகடு:
பதிப்போவியம் படிச்சவன். அக்கா, அந்த எச்சிங்கை மத்த ரெண்டோட சேர்க்காதீங்க. அது எந்த ஓவியத்துக்கும் நகல் இல்ல. ஓவியர் தகட்டுல கீறி, அமிலத்துல அரிக்கவிட்டு, மை தேய்ச்சு ஒவ்வொன்னா எடுத்தது. 14/30னா முப்பதுல பதினாலாவது. படத்தைச் சுத்தித் தகடு அழுத்தின பள்ளம் விரலுக்குத் தட்டுப்படணும். 'ஜிக்லே'ங்கிறது இங்க்ஜெட்தான். அதுக்காக மோசம்னு இல்ல. சீக்கிரம் மங்காத பிக்மென்ட் மையா, அமிலமில்லாத பருத்தி கான்வாஸான்னு கேளுங்க. ரெண்டுக்கும் நேரா பதில் வரலைன்னா 6,500 அதிகம்.

தாம்பரம்_வாசகி:
லென்ஸோட மறுபடி போனேன். கன்னத்துல அண்ணன் சொன்ன அதே குட்டிப் பூ! சட்டத்தைக் கழட்ட மாட்டேன்னுட்டாங்க, வந்துட்டேன். எச்சிங்கை வாங்கியாச்சு, பள்ளம் நல்லாவே தட்டுப்படுது. மாமாகிட்ட பேசினதுல ஆச்சி வீட்டு லட்சுமி பரண்ல இருக்காம். கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொல்றார். பிரிச்சு எடுக்கலாமா?

சட்டமும்_கண்ணாடியும்:
பிரிக்கவே பிரிக்காதீங்கம்மா! நிறம் கண்ணாடியோட வந்துடும். தண்ணி, ஆவி எதுவும் காட்டாதீங்க. அப்படியே படுக்க வச்சு, பருத்தித் துணி சுத்தி, காகிதச் சீரமைப்பு தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க. எச்சிங்குக்கு அமிலமில்லாத மவுண்ட் அட்டை போட்டு, கண்ணாடி படத்தைத் தொடாம இடைவெளி விடச் சொல்லுங்க. செலோடேப் வேண்டாம். வெயில் விழாத சுவரா பாருங்க. லட்சுமியோட ஜரிகை இன்னும் இருக்கா?

தாம்பரம்_வாசகி:
புடவை ஓரத்துல மட்டும் இருக்காம் அண்ணா. சனிக்கிழமை போய் நானே எடுத்துட்டு வர்றேன்.